கப்பல் தரித்த ஒரு பகல்

புறக்கோட்டை என்னும் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கின்றது. கோட்டைக்குப் புறத்தே அமைந்த இடம் ஆதலின் அது புறக்கோட்டை எனப்பட்டது. ஆங்கிலேயர் அதனைப் ‘பெற்றா’ என்று வழங்கினர். அச்சொல்லும் பேட்டை என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபேயாகும். ஆள்வோர் கோட்டையின் உள்ளே இருந்தனர். வாணிகம் செய்வோரும் கைத்தொழில் புரிவோரும் கூலிக்கு உழைப்போரும் புறத்தே இருந்தனர். மதில்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டன. ஆயினும் உள் என்றும் புறம் என்றும் இருந்த வேறுபாடு கல்லோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து உதிர்ந்துவிடவில்லை. அலுவலகங்களிலும் சங்கங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் அது நெடுங்காலம் நிலைத்திருந்தது.

கிறிக்கெற் விளையாட்டு இந்நாட்டிற்கு வந்தது கோட்டைக்குள் இருந்தோரின் பொழுதுபோக்காகவே. 1832 ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஆங்கிலேயர் ஒரு சங்கம் கூட்டி, படைப்பிரிவினரோடு ஆடியதாகச் செய்தி உண்டு. பின்னர் 1863 ஆம் ஆண்டில் கொழும்புக் கிறிக்கெற் சங்கம் தோன்றியது. அது ஐரோப்பியருக்கே உரிய சங்கம். இந்நாட்டு மக்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர்; பார்த்துக் கற்றனர்; கற்றபின் தாமே ஆடத் தலைப்பட்டனர். 1887 ஆம் ஆண்டு முதலாக ஐரோப்பியருக்கும் இலங்கையருக்கும் இடையே ஆண்டுதோறும் ஒரு போட்டி நடைபெற்று வந்தது. புறத்தே நின்றவர் உள்ளே இருந்தவரை நேருக்கு நேர் சந்திப்பதற்கு அக்காலத்தில் இருந்த வாயில்களுள் அதுவும் ஒன்று.

இவ்விளையாட்டு கொழும்பில் வேரூன்றியதற்குத் துறைமுகமே பெருங்காரணம் எனலாம். அலைகளைத் தடுக்கும் பெருஞ்சுவரின் அடிக்கல் 1875 ஆம் ஆண்டில் நாட்டப்பட்டது. அதன் பயனாக, அதுவரை காலித் துறையில் தரித்துவந்த பெருங்கப்பல்கள் கொழும்பை நாடின. ‘பி. அன்ட் ஓ.’ கம்பனியின் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறியது 1882 ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் ஐவோ பிளை என்பாரின் தலைமையில் அவுஸ்திரேலியாவுக்குப் பயணம் செய்த இங்கிலாந்து அணியினர் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினர். அவர்கள் ஏறிய ‘பெஷாவூர்’ என்னும் கப்பல் கொழும்பை விட்டு நீங்கிய சின்னாட்களில் வேறொரு கப்பலோடு மோதியது. அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் விலாவில் காயமுற்றார். ‘சாம்பல்’ என்று உலகம் அறிந்த சிறு கலசம் இங்கிலாந்து அணித்தலைவர் கைக்கு வந்தது அப்பயணத்திலேதான். அந்தப் புகழ்பெற்ற கதையின் முதல் ஆட்டம் கொழும்பு மண்ணிலே நிகழ்ந்தது என்பதை நம்மவருட் பலர் நினைப்பதில்லை.

அன்று தொடங்கிய வழக்கம் எண்பது ஆண்டுகள்வரை நீடித்தது. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே கப்பல் ஏறிய அணிகள், கப்பல் எரிபொருளும் குடிநீரும் உணவுப் பொருளும் ஏற்றும் நேரத்தில், கொழும்பில் கரையிறங்கி ஒரு பகல் ஆடிச் செல்லும். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் இவ்வண்ணம் கொழும்புக்கு வந்து போயினர். 1932 ஆம் ஆண்டில், பின்னர் பெரும் பூசலுக்குக் காரணமாயிருந்த ஜார்டினின் அணியும் இவ்வழியே வந்தது. 1930 ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதினராய் இருந்த டொன் பிராட்மன் முதன்முறை இங்கிலாந்துக்குச் செல்கையில் கொழும்பில் ஆடினார்.

எனினும், இவ்வாட்டங்களின் தன்மையை மறைத்தல் ஆகாது. ஆட்டம் எப்பொழுது தொடங்க வேண்டும், எப்பொழுது முடிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது கப்பலின் அட்டவணையே. வந்தவருக்கு அது கடற்பயணத்தில் இறுகிய கைகால்களை நீட்டி மடக்குதற்கான ஒரு வாய்ப்பு. இந்நாட்டவருக்கோ அது ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்த பரீட்சை. ஒருவருக்குப் பொழுதுபோக்காயிருப்பது மற்றொருவருக்குப் பரீட்சையாகும்போது, அவ்விருவரும் சமநிலையில் நிற்கின்றனர் என்று சொல்லுதல் இயலாது.

இதற்கிடையில் புறத்தே நின்றவர்கள் வாளாவிருக்கவில்லை. 1873 ஆம் ஆண்டில் கோல்ற்ஸ் சங்கமும், 1888 ஆம் ஆண்டில் நொண்டெஸ்கிறிப்ற்ஸ் சங்கமும், 1892 ஆம் ஆண்டில் புளூம்பீல்ட் சங்கமும் தோன்றின. 1899 ஆம் ஆண்டில் சிங்கள விளையாட்டுச் சங்கமும், அதே ஆண்டில் தமிழ் யூனியன் கிறிக்கெற், மெய்வல்லுநர் சங்கமும் நிறுவப்பட்டன. 1908 ஆம் ஆண்டில் சோனகர் விளையாட்டுச் சங்கம் எழுந்தது. இவற்றுட் பல இனப்பெயர் தாங்கியவை. இக்காலத்தவருக்கு அது குறுகிய நோக்காகத் தோன்றலாம். ஆயின், ஐரோப்பியர் சங்கத்தின் கதவு அடைத்திருந்த அந்நாளில், தத்தம் சுற்றத்தாரின் கைப்பொருளைக் கொண்டே மைதானமும் மண்டபமும் அமைக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு சமூகமும் தன் வீட்டிலிருந்து புறப்பட்டே பொதுவெளிக்கு வந்தது.

பள்ளிக்கூடங்களும் இப்பணியிற் பங்கு கொண்டன. புறக்கோட்டை டாம் வீதியிலே 1874 ஆம் ஆண்டில் வெஸ்லி கல்லூரி தொடங்கப்பட்டது. கடைகளும் வண்டிகளும் நெருங்கிய அவ்வீதியில் இடம் போதாமையினால், 1907 ஆம் ஆண்டில் அது பொறளைப் பக்கத்துக்குப் பெயர்ந்தது. அங்கே பயின்ற மாணவருள் ஒருவர் மகாதேவா சதாசிவம். 1915 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் துடுப்பை எடுத்து நின்றால், பந்து எங்கே செல்லவேண்டும் என்பதைப் பந்து வீச்சாளர் அன்றி இவரே தீர்மானிப்பார் என்று பார்த்தோர் கூறுவர். 1947 ஆம் ஆண்டில் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில், தென்னிந்திய அணிக்கு எதிராக இவர் 215 ஓட்டங்கள் குவித்தார். பாக்குநீரிணையின் இருகரையிலும் அந்த ஆட்டத்தின் புகழ் நெடுங்காலம் பேசப்பட்டது.

தமிழ் யூனியன் சங்கத்துக்கு நிலைத்த ஒரு மைதானம் தேடித் தந்தவர் பாக்கியசோதி சரவணமுத்து. இவர் குடியியற் சேவையில் உயர்ந்த பதவிகளை வகித்தவர். இவருடைய குடும்பம் கொழும்பின் பொதுவாழ்வில் ஆழ ஊன்றிய குடும்பம். தமையனும் தம்பியுமாய் அக்குடும்பத்தில் வந்தவருள், வைத்தியராகிய இரத்தினசோதி சரவணமுத்து 1937 ஆம் ஆண்டில் கொழும்பு மாநகரின் முதலாவது மேயரானார். அவருடைய மனைவியாராகிய நேசம் சரவணமுத்து 1932 ஆம் ஆண்டில் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற இரண்டாவது பெண்மணி அவர். இத்தகைய குடும்பத்தில் வந்த பாக்கியசோதி சரவணமுத்து, விளையாட்டையும் பொதுப்பணியாகவே கருதினார். பொறளைக்கு அண்மையில் வனாத்தமுல்லையிலே, பயனின்றிக் கிடந்த தாழ்ந்த நிலத்தை மேடாக்கிப் புல் வளர்த்து, ‘கொழும்பு ஓவல்’ என்னும் மைதானம் 1940 ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்டது. 1945 ஆம் ஆண்டில் இந்திய அணி அங்கே ஆடியது. நாட்டின் சிறந்த மைதானம் என்னும் பெயர், சதுப்பு நிலமாய் இருந்த அவ்விடத்துக்கு வாய்த்தது.

இப்பின்னணியை மனத்திற் கொண்டே 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் திகதியை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு பெப்புருவரி 4 ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அதன்பின் 52 நாட்களே கழிந்திருந்தன. அன்று சனிக்கிழமை, பெரிய வெள்ளிக்கு மறுநாள். பி. அன்ட் ஓ. கம்பனியின் ‘ஸ்ராதெயாட்’ என்னும் வெண்ணிறக் கப்பல் துறைமுகத்தில் தரித்தது. அதில் வந்தவர்கள் இங்கிலாந்துக்குச் செல்லும் அவுஸ்திரேலிய அணியினர் பதினெழுவர். அவர்களின் தலைவர் டொன் பிராட்மன். வயது முப்பத்தொன்பது. தமது இறுதிச் சுற்றுப்பயணம் இதுவே என்று கருதிப் புறப்பட்டிருந்தார்.

அக்காலத்தில் கோட்டையிலிருந்து புறக்கோட்டை, மருதானை வழியாகப் பொறளைக்கு டிறாம் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைச் சிப்பந்தியும் எழுதுவினைஞரும் பள்ளி மாணவரும் சில சதங்களிலே பொறளைக்குச் சென்று, அங்கிருந்து வனாத்தமுல்லைக்கு நடந்துவிடலாம். கறுவாத்தோட்டத்துச் செல்வர் காரிலே வந்த அதே மைதானத்துக்கு, புறக்கோட்டையார் டிறாமிலே வந்தனர். ஓவல் மைதானத்திலே மக்கள் பெருந்திரளாகக் கூடினர். பிராட்மனைக் காண்பது ஒரு நோக்கம். சுதந்திர நாட்டின் அணியைக் காண்பது மற்றொரு நோக்கம். இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் சதாசிவம். ஒரு தமிழ்ச் சங்கத்தின் மைதானத்தில், ஒரு தமிழரின் தலைமையில், சிங்களரும் பறங்கியரும் தமிழரும் ஒருங்கே நாட்டின் பெயரால் ஆடினர். எவரும் அதனை வியப்பாகக் கருதவில்லை என்பதே அந்நாளின் சிறப்பு.

அவுஸ்திரேலியர் முதலில் ஆடி, 8 விக்கெற் இழப்புக்கு 184 ஓட்டங்கள் எடுத்து நிறுத்திக்கொண்டனர். பிராட்மன் 20 ஓட்டங்களோடு மீண்டார். இலங்கை 2 விக்கெற் இழந்து 46 ஓட்டங்கள் எடுத்திருந்த வேளையில் மழை வந்து ஆட்டத்தைத் தடுத்தது. வெற்றி தோல்வி இன்றி அன்றைய பகல் முடிந்தது.

ஆனால் ஆட்டத்தைவிட நீண்ட காலம் நிலைத்து நின்ற செய்தி வேறொன்று. ஆடுதளத்தை அளந்து பார்த்தபோது, இரு பக்கத்து விக்கெற்றுகளுக்கும் இடையே 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தது.

இரண்டு யார் என்பது சிறிய குறை போலத் தோன்றும். அதன் விளைவு சிறியதன்று. ஆறடி குறைந்தால் பதினொன்றில் ஒரு பங்கு குறைகின்றது. விரைந்து வரும் பந்தை நோக்குதற்குத் துடுப்பாட்டக்காரருக்குக் கிடைப்பது அரை நொடியினும் குறைந்த நேரம். அதிலும் பத்தில் ஒரு பங்களவு பறிபோகின்றது. லின்ட்வோல், மில்லர் போன்ற வேகப்பந்து வீச்சாளர்கள் முழு வலிமையோடு வீசினால் அது ஆபத்தாகவே முடியும். மெதுவாகப் பந்து வீசுவோருக்கும் இடர் உண்டு. ஆண்டாண்டாகப் பழகிய கை, பந்தை வழக்கமான தூரத்திலேயே விழச் செய்யும். தளம் குறுகினமையால் அது துடுப்பாட்டக்காரரின் காலடியில் சென்று விழும். இவ்வாறு வீசுவோரின் பயிற்சியும் அடிப்போரின் பயிற்சியும் ஒருங்கே பொய்த்துவிடும்.

22 யார் என்னும் அளவு தற்செயலாக வந்ததன்று. நிலம் அளப்போர் பயன்படுத்திய சங்கிலியின் நீளம் அது. 17 ஆம் நூற்றாண்டில் குன்ரர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் வகுத்த அச்சங்கிலி நூறு கண்ணிகளை உடையது. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 1744 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கிறிக்கெற் விதிகள் அந்நீளத்தையே ஆடுதளத்துக்கு உரியதாக்கின. மலைநாட்டிலே காடு வெட்டித் தோட்டம் வகுத்த ஆங்கிலேயர் ஏக்கர் கணக்கிலே நிலம் பகுத்ததும், பட்டினத்திலே புல்வெளியில் ஆடுதளம் குறித்ததும் ஒரே அளவின் துணைகொண்டுதான்.

சுதந்திர நாட்டின் முதற் பெருவிருந்தில் நேர்ந்த இக்குறையைப் பற்றி நகைத்தோரும் இருந்தனர். நகைத்தற்கு உரிய செய்தியே அது. எனினும், அதனுள்ளே ஒரு படிப்பினையும் உண்டு. அந்நியர் ஆண்ட நாளில் நாம் ஆட வேண்டியிருந்தது மாத்திரமே. தளம் அமைத்தல், அளவு பார்த்தல், நடுநிலை வகித்தல் ஆகியவை பிறர் பொறுப்பாக இருந்தன. நாடு நம்முடையதானபோது, அளவுகோலும் நம் கைக்கு வந்தது. விருந்தோம்பும் பொறுப்பு நம் தலைமீது ஏறியது. ஆடும் திறமை ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. அளக்கும் ஒழுங்கு இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

கொழும்பில் மழை நிறுத்திய ஆட்டத்தை விட்டுக் கப்பல் புறப்பட்டது. பம்பாய் வழியாகச் சென்று, ஏப்பிரல் மாத நடுப்பகுதியில் இங்கிலாந்தை அடைந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கொழும்பு மக்கள் பத்திரிகையிலும் வானொலியிலும் அறிந்தனர். தாம் நேரிற் கண்ட மனிதரின் செய்தி என்பதனால் அதற்கு ஒரு தனி நெருக்கம் இருந்திருத்தல் இயல்பு.

ஏப்பிரல் இறுதியில் வூஸ்ரர் நகரில் பயணத்தின் முதலாட்டம் தொடங்கியது. பிராட்மன் 107 ஓட்டங்கள் எடுத்தார். மே மாதத் தொடக்கத்தில் பிராட்போர்ட் நகரில் யோர்க்ஷயர் அணியோடு ஆடியபோது, 60 ஓட்டங்கள் மாத்திரமே தேவையாயிருந்த நிலையில், ஈரமான தளத்தில் 31 ஓட்டங்களுக்குள் 6 விக்கெற்றுகள் வீழ்ந்தன. பத்தொன்பது வயதினராகிய நீல் ஹாவியும் விக்கெற் காப்பாளர் ராலனும் நிலைத்து நின்று அணியைக் கரை சேர்த்தனர். அந்த நூலிழையிலே அறுந்திருக்குமாயின், பின்னர் வந்த பெரும்பெயர் அந்த அணிக்கு வாய்த்திராது. சின்னாட்களின் பின், சவுத்எண்ட் நகரில் எசெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே பகலில் 721 ஓட்டங்கள் குவித்தனர். தோல்வியின் விளிம்பிலிருந்து மலைபோன்ற குவிப்புக்கு அவர்கள் சென்றது இரண்டு வாரத்துக்குள்ளே.

ஐந்து ரெஸ்ற் போட்டிகளுள் முதலாவது நொட்டிங்ஹாமில் நடைபெற்றது. அவுஸ்திரேலியா 8 விக்கெற்றுகளால் வென்றது. லோர்ட்ஸ் மைதானத்தில் 409 ஓட்டங்களால் வென்றது. மாஞ்செஸ்ரரில் இங்கிலாந்து முன்னணியில் நின்ற வேளையில் மழை குறுக்கிட்டது. கொழும்பில் இலங்கையின் ஆட்டத்தை நிறுத்திய மழை, மாஞ்செஸ்ரரில் அவுஸ்திரேலியாவுக்கு அரணாயிற்று. லீட்ஸ் நகரில் நிகழ்ந்ததே அப்பயணத்தின் உச்சம். இறுதி நாளில் 404 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலை. அதுகாறும் எவ்வணியும் எட்டாத இலக்கு அது. ஆதர் மொறிஸ் 182 ஓட்டங்களும், பிராட்மன் ஆட்டமிழக்காமல் 173 ஓட்டங்களும் எடுத்தனர். மூன்று விக்கெற்றுகளே வீழ்ந்தன. மாலைக்குள் இலக்கு எய்தப்பட்டது.

ஆகஸ்ட் 14 ஆம் திகதி இலண்டன் ஓவல் மைதானத்தில் இறுதிப் போட்டி தொடங்கியது. லின்ட்வோல் 20 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெற்றுகளைச் சாய்க்க, இங்கிலாந்து 52 ஓட்டங்களுக்குள் அடங்கியது. மாலையில் பிராட்மன் களம் புகுந்தபோது, மக்கள் எழுந்து நின்று வாழ்த்தினர். தமது ரெஸ்ற் வாழ்வின் சராசரி நூறாக நிறைவதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை நான்கு ஓட்டங்கள். ஹொலிஸ் என்பார் வீசிய இரண்டாவது பந்து அவருடைய விக்கெற்றைத் தகர்த்தது. ஓட்டம் எதுவும் இல்லை. 6,996 ஓட்டங்கள், 99.94 சராசரி என்று கணக்கு முடிந்தது. ஆட்டத்தை ஓர் இனிங்ஸாலும் 149 ஓட்டங்களாலும் அவுஸ்திரேலியா வென்றது.

பயணம் முழுவதும் பிரித்தானிய மண்ணில் ஆடிய 34 ஆட்டங்களுள் 25 இல் வெற்றி. 9 முடிவின்றி முடிந்தன. தோல்வி ஒன்றும் இல்லை. ‘வெல்லப்படாதோர்’ என்ற பெயர் அவ்வணிக்கு நிலைத்தது. வெல்லப்படாத அணியின் தலைவரும் நான்கு ஓட்டங்கள் குறைந்தே விடைபெற்றார். முழுமை என்பது எத்துணைப் பெரியோருக்கும் ஒரு கையளவு எட்டத்திலேயே நிற்கும். கொழும்பில் இரண்டு யார் குறைந்ததற்காக நாணியோர், இதை எண்ணி ஒருவாறு ஆறுதல் அடையலாம். ஆறுதல் அடைவது வேறு. குறையைத் தீர்ப்பது வேறு. பிராட்மனின் கணக்கை இனி எவராலும் திருத்த இயலாது. ஒரு நாட்டின் கணக்கோ திருத்தக்கூடியது.

1948 ஆம் ஆண்டிலேயே இலங்கைக் கிறிக்கெற் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. அதன் முதலாவது தலைவராகப் பாக்கியசோதி சரவணமுத்து தெரிவானார். விளையாட்டின் நிருவாகம் நாட்டவர் கைக்கு வந்ததன் அடையாளம் அது. இரண்டாண்டுகளின் பின் அவர் காலமானார். அவர் ஆக்கிய ஓவல் மைதானம் பிற்காலத்தில் அவர் பெயரையே தாங்கியது.

அவ்வாண்டின் கணக்கில் வேறொரு பதிவும் உண்டு. அதனை விட்டுவிட்டு அவ்வாண்டைப் புகழ்தல் நடுநிலை ஆகாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக, தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவந்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். மார்ச்சு மாதத்தில் யாவரும் ஓரணியாய் நின்ற நாடு, நவம்பரில் தன் மக்களுள் ஒரு பகுதியினரைக் கோட்டைக்குப் புறத்தே நிறுத்தியது. ஆடுதளத்திலே குறைந்தது இரண்டு யார். அதை ஒரு காலைப்பொழுதில் அளந்து சரிசெய்துவிடலாம். சட்டத்திலே நேர்ந்த குறையைத் தீர்க்க ஒப்பந்தங்களும் திருத்தங்களுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 2003 ஆம் ஆண்டிலேதான், எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது.

விளையாட்டுத் துறையில் முன்னேற்றம் படிப்படியாக வந்தது. 1953 ஆம் ஆண்டு முதல் சென்னை அணியோடு கோபாலன் கிண்ணப் போட்டி நடைபெற்றது. கப்பலுக்காகக் காத்திராமல், அயலவரோடு ஆண்டுதோறும் பல நாள் ஆடும் வாய்ப்பை அது தந்தது. 1965 ஆம் ஆண்டு சனவரியில், மைக்கல் திசேராவின் தலைமையில் இலங்கை அணி அகமதாபாத்தில் இந்தியாவை வென்றது. அதே ஆண்டில் உலகக் கிறிக்கெற் மன்றத்தில் இணை உறுப்புரிமை கிடைத்தது. 1960 களிலே வானூர்திப் பயணம் வழக்கமானதும், கப்பல் தரித்து ஆடும் ஒருநாள் ஆட்டங்கள் மறைந்தன. பழைய வாயில் அடைபட்டது. இனி வருவோர் இந்நாட்டை நாடியே வரவேண்டும். வழியிற் கண்டு செல்லுதல் இயலாது.

1981 ஆம் ஆண்டு சூலையில் இலங்கைக்கு முழு உறுப்புரிமை வழங்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டு பெப்புருவரி 17 ஆம் திகதி முதலாவது ரெஸ்ற் போட்டி தொடங்கியது. எதிர்த்து ஆடியது இங்கிலாந்து. நடைபெற்ற இடம் வனாத்தமுல்லை ஓவல். பந்துல வர்ணபுர தலைமை தாங்கினார். பள்ளி மாணவராயிருந்த அர்ச்சுன ரணதுங்க நாட்டின் முதலாவது அரைச்சதத்தை எடுத்தார். இங்கிலாந்து 7 விக்கெற்றுகளால் வென்றதாயினும், ஐந்து நாள் அட்டவணையில் சமமாக நின்று ஆடும் தகுதி அன்று நிலைநாட்டப்பட்டது. அதே மைதானத்தில் 1985 ஆம் ஆண்டு செப்தெம்பரில், இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று, இலங்கை தனது முதலாவது ரெஸ்ற் வெற்றியைப் பெற்றது. சதுப்பு நிலத்தை மேடாக்கியோரின் உழைப்பு வீண்போகவில்லை.

தமிழ் யூனியன் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் பின்னாளில் மற்றொரு பெயரும் சேர்ந்தது. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் அச்சங்கத்துக்காக ஆடியவர். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். 1948 ஆம் ஆண்டின் சட்டம் எம்மக்களை நோக்கி ‘நீவிர் இந்நாட்டவரா?’ என்று வினவியதோ, அம்மக்களின் வழியில் வந்த ஒருவர் 2010 ஆம் ஆண்டில் காலி மைதானத்தில் தமது 800 ஆவது ரெஸ்ற் விக்கெற்றை வீழ்த்தினார். நாடு முழுவதும் ஆரவாரித்தது. உலகில் எவரும் எட்டாத அந்த எண் இலங்கையின் பெயராலேயே எழுதப்பட்டது. சட்டம் கேட்ட கேள்விக்கு மைதானம் தந்த விடை அதுவெனின் மிகையாகாது.

ஆயினும், புகழ்பெற்ற ஒருவரின் சாதனையைக் கொண்டு ஒரு சமூகத்தின் உரிமையை நிறுவ வேண்டிய நிலை எந்நாட்டிற்கும் பெருமை தருவதன்று. எண்ணூறு விக்கெற் வீழ்த்தியவருக்கு உரியது எதுவோ, அதுவே தோட்டத்தில் நாளொன்றுக்குக் கொழுந்து பறிப்பவருக்கும் உரியது. கிறிக்கெற் விதி இதனை நன்கு அறிந்திருக்கின்றது. பிராட்மன் ஆடினாலும் முதல்நாள் வந்த மாணவன் ஆடினாலும் ஆடுதளத்தின் நீளம் 22 யாரே. ஆளுக்கு ஏற்றவாறு அது நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை.

கோட்டையின் மதில் இன்று இல்லை. புறக்கோட்டை என்னும் பெயர் மாத்திரம் நிற்கின்றது. ஒரு காலத்தில் அப்பெயர் தூரத்தைக் குறித்தது. இந்நாளில் அது நாட்டின் எல்லா இனத்தவரும் தோளோடு தோள் உரசி நடமாடும் ஓர் இடத்தைக் குறிக்கின்றது. 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து அந்தச் சனிக்கிழமையில் டிறாம் ஏறி வனாத்தமுல்லைக்குச் சென்றவர்கள் கண்டது, முடிவில்லாத ஓர் ஆட்டத்தையும், அளவு குறைந்த ஓர் ஆடுதளத்தையும், தம் நாட்டுக்கென ஆடிய ஓர் அணியையும். அவற்றுள் முதலிரண்டும் மறக்கத் தகுந்தவை. மூன்றாவதைப் பேணிக் காத்தற்கு, அளவு பார்க்கும் கை என்றும் நேர்மையாயிருத்தல் வேண்டும்.